121 தோல்வி: ஒயிட் சாக்ஸ் தோற்றது தேவையான தோல்வியா?

முப்பத்தைந்தாம்தெரு:

'பொறுத்திருப்போம்' என்ற நண்பர் வேறொரு இழையில் இப்படி எழுதியிருந்தார்: "2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் தோற்றது தேவையான தோல்வி. பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது இப்படித்தான் இருக்கும்." இரண்டு நாளாக அந்த வரி மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன்.

162 ஆட்டத்தில் 41 வெற்றி, 121 தோல்வி. நவீன மேஜர் லீக் பேஸ்பாலில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்றதில்லை. அதுவரை அந்த இடத்தில் இருந்தது 1962-இன் நியூயார்க் மெட்ஸ், 120 தோல்வி. ஆனால் மெட்ஸ் அந்த வருடம்தான் பிறந்த அணி. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களை வைத்து ஆடியது. ஒயிட் சாக்ஸ் 1901 முதல் அமெரிக்கன் லீக்கில் இருக்கிறது. 2005-இல் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பையை வென்றது. அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம், 2021-இல் 93 ஆட்டம் ஜெயித்து டிவிஷனில், அதாவது லீக்கின் உட்பிரிவில், முதலிடம். அங்கிருந்து மூன்றே வருடத்தில் இந்தப் பள்ளம்.

2024 மே 23 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸுடன் நடந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 8-6 வரை நெருங்கிவிட்டோம். ஒரு அவுட்தான் ஆகியிருந்தது, பேஸில் இரண்டு பேர். நம் ஆட்டக்காரர் பெனின்டெண்டி அடித்த பந்து நேராக மேலே கிளம்பியது. இன்ஃபீல்ட் ஃப்ளை என்று அறிவித்தார்கள். அப்படி அறிவித்துவிட்டால் பந்தைப் பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். இரண்டாவது பேஸ் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த நம் ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க ஓடிவந்த எதிரணி ஷார்ட்ஸ்டாப் ஹெண்டர்சன் வரும் வழியில் குறுக்கே நின்றார் என்று அம்பயர் அவரையும் அவுட் கொடுத்தார். ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆட்டம் முடிந்தது. என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் ஸ்கோர் கார்டு எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலைக் காகிதத்தில் வைத்தபடியே, "இதை எப்படி எழுதுவது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

தேவையான தோல்வி என்றால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு என்ன என்று சொல்லுங்கள்.

பொறுத்திருப்போம்:

வணக்கம். உங்கள் வலி எனக்குப் புரியாமல் இல்லை. நானும் இருபது வருடமாக இந்த அணியைத்தான் பார்க்கிறேன். ஆனால் வலி வேறு, கணக்கு வேறு.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் 106 தோல்வி, 2012-இல் 107, 2013-இல் 111. 2017-இல் வேர்ல்ட் சீரிஸ். பால்டிமோர் 2018-இல் 115 ஆட்டம் தோற்றது, 2023-இல் 101 ஆட்டம் ஜெயித்தது. இந்த இரண்டு ஊரிலும் நடுவில் ரசிகர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

ஆட்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருக்கும் ஜெனரல் மேனேஜர் கிறிஸ் கெட்ஸ் கைக்கு அணி வந்தபோது என்ன நிலைமை? அவர் பொறுப்பேற்ற 2023 சீசனே 101 தோல்வியில் முடிந்தது. இளைஞர்கள் பழகும் மைனர் லீக்கில் அடுத்த வரிசை தயாராக இல்லை. பிட்சர் (பந்து வீசுபவர்) டிலன் சீஸ் மேல் அணிக்கு உரிமை இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி. அவரை வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் சில ஆட்டம் ஜெயித்திருக்கலாம், அப்புறம் பதிலுக்கு எதுவும் கிடைக்காமல் அவர் போயிருப்பார். சான் டியேகோவுக்கு விற்றதுதான் சரி. காரெட் க்ரோஷேயும் அப்படித்தான். 2024-இல் 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த பிட்சரை பாஸ்டனுக்குக் கொடுத்து நான்கு இளைஞர்களை வாங்கினார். அதில் கைல் டீலும் சேஸ் மைட்ராத்தும் 2025-லேயே மேஜர் லீக்கில் ஆடிவிட்டார்கள்.

2025-இல் 60 வெற்றி. ஒரே வருடத்தில் 19 ஆட்டம் கூடுதல். ஜூலையில் வந்த கோல்சன் மாண்ட்கோமரி 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். இதற்குப் பிறகும் திட்டமே இல்லை என்கிறீர்களா?

டெட்ராய்ட்வாசி:

நான் டெட்ராய்ட் டைகர்ஸ் ரசிகன், வெளியாள். ஆனாலும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது, ஏனென்றால் 119 தோல்வியைப் பார்த்தவர்கள் நாங்கள்.

2003-இல் எங்கள் அணி 43 வெற்றி, 119 தோல்வி. 2006-இல் வேர்ல்ட் சீரிஸ் வரை போனோம். அந்த மூன்று வருடம் டிராஃப்டுக்காக, அதாவது அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்காக, மட்டும் காத்திருந்த காலம் இல்லை. 2004-இல் டிராஃப்டில் வெர்லாண்டர் கிடைத்தார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 119 தோற்ற அதே குளிர்காலத்தில், உரிமையாளர் மைக் இலிட்ச் பணத்தை எடுத்து வைத்து இவான் ராட்ரிகஸைக் கொண்டுவந்தார். ஒரு வருடம் கழித்து மக்லியோ ஆர்டோன்யெஸ், 5 வருடத்துக்கு 7.5 கோடி டாலர். ஆர்டோன்யெஸ் எங்கிருந்து வந்தார் என்று உங்கள் இருவருக்கும் தெரியும். ஒயிட் சாக்ஸிலிருந்துதான்.

இப்போது இதைப் பாருங்கள். 2023 தொடக்கத்தில் பெனின்டெண்டிக்கு ஒயிட் சாக்ஸ் கொடுத்ததும் 5 வருடம், 7.5 கோடி டாலர். அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய ஒப்பந்தம். டெட்ராய்ட் 2005-இல் கொடுத்த தொகையை, சிகாகோ போன்ற பெரிய ஊர் 18 வருடம் கழித்துத் தன் உச்சமாகக் கொடுக்கிறது. இடையில் சம்பளங்கள் எவ்வளவு ஏறிவிட்டன!

புதுவாசகி:

குறுக்கே ஒரு கேள்வி, பேஸ்பால் எனக்குப் புதிது. இங்கிலாந்து கால்பந்தில் கடைசி மூன்று அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கிவிடும். 121 ஆட்டம் தோற்ற அணிக்கு இங்கே ஒன்றுமே ஆகாதா?

முப்பத்தைந்தாம்தெரு:

ஆகாது, சகோதரி. அடுத்த வருடம் அதே லீக், அதே மைதானம், தேசியத் தொலைக்காட்சிப் பணத்தில் அதே பங்கு. தோற்ற அணி மேலே வர டிராஃப்டில் முன்னுரிமை உண்டு. நண்பர் சொன்ன ஹூஸ்டன் கதை அதை வைத்து நடந்ததுதான். 2012, 2013, 2014 என மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வு அவர்களுக்கு.

அந்தக் கதவு இப்போது பாதி மூடிவிட்டது. 2022 தொழிலாளர் ஒப்பந்தத்தில் டிராஃப்டின் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். அணிகளுக்கிடையே நடக்கும் வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கிற பக்கம் இருக்கும் பெரிய ஊர் அணிக்கு, ஒரு வருடம் குலுக்கலில் இடம் கிடைத்தால் அடுத்த வருடம் கிடையாது. ஒயிட் சாக்ஸ் அந்த வகை. 2024-இல் ஐந்தாவது இடத்தில் தேர்ந்தெடுத்தது. அதனால் 121 ஆட்டம் தோற்றும் 2025-இல் கிடைத்தது பத்தாவது இடம். ஐயா பொறுத்திருப்போம், இந்த விதி சீசன் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். இந்தத் தோல்வியால் டிராஃப்டில் முன்னால் போக வழியே இல்லை என்று தெரிந்தே ஒரு திட்டம் போடுவார்களா?

கெட்ஸுக்கு அடுத்த வரிசை தயாராக இல்லாத அணி கிடைத்தது என்கிறீர்கள். அந்த வரிசையைத் தயார் செய்யும் வேலை யாருடையது? 2016-இன் கடைசியிலிருந்து இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பிரிவுக்குத் தலைவர் அவர்தான். அதுவரை அணியை நடத்திய ரிக் ஹானையும் கென்னி வில்லியம்ஸையும் 2023 ஆகஸ்டில் நீக்கிய உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், வெளியில் யாரையும் பெரிதாகத் தேடாமல், சில நாட்களிலேயே உள்ளே இருந்தவரை மேலே ஏற்றிவிட்டார். 2020-இல் டோனி லா ரூசாவை 76 வயதில் மேனேஜராக, அதாவது களத்தில் அணியை நடத்துபவராக, கொண்டுவந்ததும் அவருடைய சொந்த முடிவு. இளைஞர்கள் நிறைந்த அணி உச்சத்துக்குப் போகும் நேரம் அது.

2024-இல் ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. தொடர்ந்து 21 தோல்வி. அந்த நடுவில், ஜூலை 25 அன்று, நாம் விற்ற சீஸ் சான் டியேகோவுக்காக நோ-ஹிட்டர் வீசினார், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அன்று மாலை அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் ரயிலில் அந்தச் செய்தியைப் படித்தேன். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது.

பொறுத்திருப்போம்:

டிராஃப்ட் விதி பற்றி நீங்கள் சொன்னது சரி. 2025-இல் பத்தாவது இடம் என்பது நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2026 டிராஃப்டுக்கான குலுக்கலில் முதல் தேர்வு நமக்குத்தான் விழுந்தது. ஜப்பானிலிருந்து முரகாமி என்ற நட்சத்திர ஆட்டக்காரரும் வந்தார். எதுவும் அசையவில்லை என்று சொல்ல முடியாது.

உரிமையாளரைப் பற்றி ஒன்று. 1981-இல் அணியை வாங்கியவர், 88 வருடம் காத்திருந்த ஊருக்கு 2005-இல் கோப்பை கொண்டுவந்தார். கூடைப்பந்தில் புல்ஸ் ஆறு கோப்பை வென்றதும் அவர் தலைமையில்தான். ஆகவே எல்லாவற்றையும் அவர் தலையில் போடுவதை நான் ஏற்கவில்லை.

களத்தையும் பாருங்கள். 2020-இல் பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்று) போன அந்த இளைஞர் பட்டாளம் ஆளுக்கொரு காயத்தில் உட்கார்ந்தது. ஏலோய் ஹிமெனெஸ், மொன்காடா, லூயிஸ் ராபர்ட் மூவரும் ஒன்றாக நலமாக ஆடிய மாதங்கள் எத்தனை? எந்த உரிமையாளராலும் தொடைத் தசையைக் காப்பாற்ற முடியாது.

டெட்ராய்ட்வாசி:

மூன்று பேருக்குக் காயம் பட்டால் 81 ஆட்டம் ஜெயிக்கலாம். 2022-இல் சரியாக 81-தான் ஜெயித்தீர்கள். அங்கிருந்து 41-க்கு இறங்குவது காயத்தால் மட்டும் நடக்காது. பின்னால் நிற்க ஆள் இல்லை.

2024 செப்டம்பர் 27 அன்று நான் டெட்ராய்ட் மைதானத்தில் இருந்தேன். 4-1, நாங்கள் பத்து வருடத்துக்குப் பிறகு பிளேஆஃப் போனோம். உங்களுக்கு அது 121-வது தோல்வி. ஊரே கத்திக்கொண்டிருந்தபோது எதிர்ப்பக்க டக்அவுட்டில், உங்கள் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில், சிலர் நகராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

முப்பத்தைந்தாம்தெரு:

எனக்கும் இல்லை. இதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன்.

செப்டம்பர் 24. அன்று நம் கணக்கு 36 வெற்றி, 120 தோல்வி. இன்னும் ஒன்று தோற்றால் சாதனை. எதிரணி ஏஞ்சல்ஸ் 2-0 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் நம் பையன்கள் மூன்று ரன் எடுத்து 3-2 என்று ஜெயித்தார்கள். "அணியை விற்றுவிடு" என்று அரங்கில் கோஷம் எழுந்தது. அதே கூட்டம்தான் கடைசி அவுட்டுக்கு எழுந்து நின்று கை தட்டியது. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்தார்கள். தேவையான தோல்வி என்று யாரும் அந்த ஆட்டக்காரர்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர் ரைன்ஸ்டார்ஃப் 2005-இல் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அந்த ஊர்வலத்தில் நானும் நின்றேன். ஆனால் முரகாமிக்குக் கொடுத்தது இரண்டே வருட ஒப்பந்தம். சொந்தமாக வளர்த்த ஒரு நட்சத்திரத்துக்கு 10 கோடி டாலர் கொடுத்துத் தக்கவைத்ததாக இந்தக் கிளப்பின் வரலாற்றில் ஒன்றுகூட இல்லை. கோல்சன் மாண்ட்கோமரிக்கு அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து விழட்டும். அன்று இதே இழையில் வந்து, நீங்கள் சொன்னது சரி என்று எழுதுகிறேன்.

பொறுத்திருப்போம்:

அவர் இன்னும் ஐந்து வருடமாவது நம்மிடம்தான் இருப்பார். அவசரம் இல்லை.

முப்பத்தைந்தாம்தெரு:

சீஸைப் பற்றியும் 2021-இல் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.