சீருடை இல்லாத காலத்தில் நம்ம ஆள் யார், எதிரி யார் என்று எப்படித் தெரிந்தது?

கேள்வி:
சினிமாவில் ஒரு படைக்குச் சிவப்பு, இன்னொரு படைக்குக் கறுப்பு என்று உடை கொடுத்துவிடுகிறார்கள், பார்க்கிற நமக்குக் குழப்பமே இல்லை. ஆனால் படை முழுவதற்கும் ஒரே சீருடை என்கிற வழக்கம் ஐரோப்பாவிலேயே 17ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல நிலைத்தது. உள்நாட்டுப் போர் என்றால் மொழி, முகம், ஆயுதம் எல்லாமே ஒன்றுதான். புழுதியும் ரத்தமுமாக நிற்கிறவனை வெட்டலாமா கூடாதா என்று அந்த ஒரு நொடியில் எப்படி முடிவு செய்தார்கள்?

பதில் 1:
அணிவகுப்பு கலையாதவரை இந்தக் கேள்வியே எழாது. தோளோடு தோள் நிற்பவன் நம்மவன், எதிரே வருபவன் எதிரி, தூரத்தில் தெரிகிற கொடியைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அணி உடைந்த பிறகுதான் சிக்கல். அதற்காக அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகிற ஓர் அடையாளத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1644 ஜூலை 2 அன்று மார்ஸ்டன் மூரில், நாடாளுமன்றப் படையினர் தொப்பியில் வெள்ளைத் துணியோ காகிதமோ செருகியிருந்தார்கள். அவர்களுடைய தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் எதிரிகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டபோது அந்த வெள்ளை அடையாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அரசரின் ஆள் போலவே அவர்கள் படைக்குள் குதிரையை ஓட்டி மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். அந்தத் துணியைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில் 2:
நம் ஊரில் அந்த வேலையைப் பூ செய்தது. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ, சோழனுக்கு ஆத்தி என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம், ஆனால் எதற்காக என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் காரணத்தையே சொல்கிறது: 'உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி'. அதாவது பகை வேந்தர்களுக்கு இடையே யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அவர்களுடைய பெரும் படையினர் சூடிய பூ. வெட்சி, கரந்தை, வஞ்சி எல்லாம் எந்த மாதிரிப் போர் என்பதைச் சொல்கிற பூக்கள், அது வேறு கணக்கு. இந்த மூன்றும் யாருடைய படை என்பதைச் சொல்பவை. கேள்வி கேட்டவர் சொன்ன உள்நாட்டுப் போர்ச் சிக்கலும் இங்கே உண்டு. உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைந்து கிடக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகை இட்டிருக்கிறான், இருவரும் சோழர்கள். கோவூர் கிழார் போய்ச் சொல்வது புறநானூற்றின் 45ஆம் பாட்டு: எதிரே நிற்பவன் பனம்பூ சூடியவனும் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை, உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். அடையாளப் பூவையே போரை நிறுத்தச் சொல்லும் வாதமாக்கிய அந்தப் புலவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பதில் 3:
அடையாளமே ஆளைக் கொன்ற கதையும் உண்டு. 1471 ஏப்ரல் 14, இங்கிலாந்தில் பார்னெட், விடியற்காலை, கடும் மூடுபனி. வாரிக் பிரபுவின் கூட்டாளியான ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்கள் எதிரியைத் துரத்திவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அவர்களுடைய சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம், எதிரி எட்வர்டு அரசரின் சின்னம் கதிர் வீசும் சூரியன். பனியில் பிரித்தறிய முடியாமல் வாரிக்கின் ஆட்கள் சொந்தக் கூட்டாளிகள் மேலேயே அம்பு விட்டார்கள். துரோகம், துரோகம் என்று கத்தல் கிளம்பி அணி சிதறியது, வாரிக்கும் செத்தார்.

கேள்வி கேட்டவர்:
அருமை, அந்தத் தொல்காப்பிய வரி எனக்குப் புதிது. சரி, இரவில் பூவும் தெரியாது, துணியும் தெரியாது. அப்புறம் என்ன செய்வார்கள்?

பதில் 4:
அடையாளச் சொல்தான், ஆனால் அதுவும் காலை வாரும். கி.மு. 413இல் ஏதென்ஸ் படை சிரக்கூஸ் நகருக்கு மேலே உள்ள எப்பிப்போலே மேட்டை நிலா வெளிச்சத்தில் தாக்கியது. ஆள் இருப்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லைக் கேட்டுக் கேட்டே அதை எதிரிக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். சிரக்கூஸ் ஆட்கள் அவ்வளவாகச் சிதறாததால் அவர்களுடைய சொல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. போதாததற்கு ஏதென்ஸ் பக்கம் இருந்த ஆர்கோஸ்காரர்கள் பாடிய போர்ப்பாட்டும் எதிரியுடையது போலவே இருந்தது. அது கேட்கும்போதெல்லாம் ஏதென்ஸ் வீரர்கள் பயந்து தங்கள் ஆட்களோடே மோதிக்கொண்டார்கள்.