மேப்பில் சார்ஜர் இருக்கிறது, போய்ப் பார்த்தால் ஓட்டைதான் இருக்கிறது: உதவி தேவை

சாட்ஸ்வர்த் பையன்:
வணக்கம். போன ஜூலையில் அம்மா அப்பாவுக்குப் பனி காட்டலாமென்று, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து மலையூரான அண்டர்பர்க் போனோம். வண்டி பிஒய்டி அட்டோ 3 (Atto 3) மின்சாரக் கார், 60 யூனிட் பேட்டரி. 200 கிலோமீட்டர்தானே என்று வழியில் எங்கும் சார்ஜ் போடவில்லை. போய்ச் சேர்ந்தபோது 28 சதவீதம்தான் மிச்சம்.

தங்கிய விடுதியில் 22 கிலோவாட் சார்ஜர் இருப்பதாக மேப் பச்சையாகக் காட்டியது. நேரில் பார்த்தால் சுவரில் ஒரு பெட்டி, அதில் மூடி போட்ட ஓட்டை. கேபிளே இல்லை. கடைசியில் சமையலறை ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, வண்டியோடு வந்த சார்ஜரைச் சாதாரண பிளக்கில் செருகினோம். நடுராத்திரியில் யாரோ கெட்டில் போட, ட்ரிப் ஆகிவிட்டது. விடிந்து பார்த்தால் ஏறியது 16 யூனிட். வீடு வந்தபோது 5 சதவீதம். அம்மா வழி நெடுக மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் லீவில் அதே விடுதிக்கு மறுபடி போகிறோம். அந்தப் பெட்டி பழுதா? என்ன கொண்டுபோக வேண்டும்?

டொங்காட் மாமா:
பழுதில்லை தம்பி. ஏசி, அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை அப்படியே கொடுக்கும் சார்ஜர் பெட்டிகள் பலவும் அப்படித்தான், கேபிள் நாம் கொண்டுபோக வேண்டும். இரண்டு முனையிலும் டைப் 2 என்ற வகை பிளக் இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ், 32 ஆம்பியர் போதும். கடையில் த்ரீ ஃபேஸ் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். விலையும் கூட, கனமும் கூட, உங்கள் வண்டிக்குப் பயனும் இல்லை. 22 என்பது பெட்டி கொடுக்கக்கூடியது. உங்கள் வண்டி ஏசியில் 7 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. 40 யூனிட் ஏற ஆறு மணி நேரம், ஒரு தூக்கம்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
தம்பி, கேபிளை விடுங்கள், ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏறுகிறீர்கள். ஆட்களோடு சேர்த்து 2 டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்கவே 8 யூனிட் போகும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பும், அதனால்தான் வீடு வந்து சேர்ந்தீர்கள். மாரியம்மனும் கொஞ்சம் கைகொடுத்திருப்பாள்.

நீங்கள் போகும் வழியில், எங்கள் மாரிட்ஸ்பர்க் பக்கம் வேகச் சார்ஜர் இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் நின்று, கொண்டுவந்த சாப்பாட்டை முடித்துவிட்டு மலையேறுங்கள். அப்புறம் விடுதிப் பெட்டி கைவிட்டாலும் பதற வேண்டியதில்லை.

சாட்ஸ்வர்த் பையன்:
நன்றி அக்கா, மாமா. கரண்ட் போனால்? பழையபடி ஜன்னல் ஒயர்தானா?

டொங்காட் மாமா:
லோட்ஷெடிங், அதாவது முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு, 2024 மார்ச்சுக்கு அப்புறம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் இடி மழையில் லைன் போகலாம், போய்ச் சேர்ந்த உடனே செருகிவிடுங்கள். ஜன்னல் ஒயர் கடைசி வழி. அப்படிப் போட்டால் சுருளை முழுசாகப் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடி விட்டால் சூடாகி உருகும். சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்க வழியிருந்தால் 8க்கு இறக்குங்கள். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள். அந்தக் கெட்டில்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
முதலில் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். மேப்பின் பச்சை யாரோ எப்போதோ போட்டதாக இருக்கும். பெட்டி வேலை செய்கிறதா, ராத்திரி கேட் பூட்டுவார்களா, அதன் முன்னால் இடம் காலியாக இருக்குமா என்று கேளுங்கள்.

சாட்ஸ்வர்த் பையன்:
இப்போதுதான் பேசினேன். பெட்டி வேலை செய்கிறதாம், கேட்டும் பூட்டுவதில்லையாம். ஆனால் முதலாளியின் பக்கி (பிக்கப் வண்டி) எப்போதும் அதன் முன்னால்தான் நிற்குமாம். சாவி சமையலறைக் கொக்கியில் தொங்கும், வந்ததும் நீங்களே நகர்த்திக்கொள்ளுங்கள் என்கிறார் போனில் பேசிய விடுதி அம்மா. கேபிள் ஆர்டர் போட்டுவிட்டேன்.