நல்ல தேனைக் கீழே கொட்டியவர்கள் வேறு யாராவது உண்டா?

பவானிக்கரை:
இரண்டு வருடமாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். கோத்தகிரி சாலை வளைவு ஒன்றில் குறும்பர் பழங்குடிப் பெரியவர் ஒருவர் மலைத்தேன் விற்பார். பழைய பாட்டிலில் தக்கை வைத்து அடைத்தது, 500 ரூபாய். எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: நீர்க்க ஓடும், லேசாகப் புகை வாசம் அடிக்கும். வாங்கி வந்த மூன்றாவது வாரம், நடு இரவில் சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தக்கை பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் கிடக்கிறது. பாட்டிலின் கழுத்திலிருந்து வெள்ளை நுரை மெல்ல இறங்கி அலமாரி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. மாமியார் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சர்க்கரைப் பாகு. உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான்." பாதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதிப் பாட்டிலோடு போய் அவர் முன்னால் வைத்துச் சத்தம் போட்டேன். காரில் போனவர்கள் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர் பாட்டிலை ஒரு தடவை முகர்ந்தார். மடியிலிருந்து ஐம்பதும் இருபதுமாக எண்ணி 500 ரூபாயைக் கொடுத்துவிட்டார். காட்டுத் தேன்தான் அப்படிப் பொங்கும் என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் சொன்னார். திரும்பப் போனபோது அந்த வளைவில் அவர் இல்லை.

தக்கலைக்காரன்:
பவானிக்கரை அண்ணா, பொங்கியதாலேயே நல்ல தேன் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் கலந்த தேனும் பொங்கும். நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெட்டியில் தேனீ வளர்த்துத் தேன் எடுக்கிறவர்கள். காட்டுத் தேன் என்றால் உயர்வு, பெட்டித் தேன் என்றால் போலி என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது முழுக்கப் பெட்டித் தேன்தான்.

என் அனுபவம் இது. சென்னையிலிருந்து ஒருவர் ஐந்து கிலோ வாங்கினார். இரண்டு மாதத்தில் ஒரு காணொளி அனுப்பினார். கரண்டியால் பாட்டிலின் அடியைச் சுரண்டுகிறார், நறநறவென்று சத்தம். "சர்க்கரை தெரிகிறதா?" என்று குரல். அது ரப்பர் மரத் தேன். அந்த மரத்தில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்பைத் தேனீக்கள் எடுக்கின்றன. பூவிலிருந்து வருவதே இல்லை. குளுக்கோஸ் மிகுதி என்பதால் சீக்கிரம் உறைந்துவிடும். வெந்நீரில் வைத்தால் இளகிவிடும் என்று எழுதினேன். பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

வன்னியாள்:
எங்கள் பக்கம் பாலை மரம் பூக்கும் காலத்தில் வருகிற தேனுக்குத் தனி மதிப்பு. அப்பா சாராயப் போத்தலில் வாங்கி வருவார். 2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து வீடு திரும்பியபோது கூரை இல்லை, கதவு இல்லை. சமையலறை மண்ணைக் கிண்டியபோது ஒரு போத்தல் உடையாமல் அகப்பட்டது. தேன் கறுத்து, பாதி உறைந்திருந்தது. அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு விரல் தந்தார். கெட்டுப்போகவில்லை. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

இரட்டைக்குழந்தை அம்மா:
என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. பிரசவ வார்டில் இரண்டாம் நாள். பெரியத்தை கொல்லிமலையிலிருந்து வரவழைத்த கொம்புத்தேனைக் கொண்டுவந்தார், பிறந்த குழந்தையின் வாயில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனைக்கு. குடும்பத்தில் நீண்ட ஆயுள் அவருக்குத்தான், அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. மோதிரத்தைத் தேனில் தோய்த்துக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனார். எங்கிருந்தோ வந்த நர்ஸ் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எண்பது வயது அத்தை. வார்டே அமைதியாகிவிட்டது. மோதிரத்திலிருந்து ஒரு சொட்டு என் போர்வையில் விழுந்தது.

நர்ஸ் செய்தது சரி என்று இப்போது தெரியும். அத்தை அன்று முழுவதும் பேசவில்லை. நானும் அவர் பக்கம் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கரிசல்மண்:
எங்கள் வீட்டில் பதினொரு பேருக்கும் தேன்தான் சேனை. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். சுத்தமான மலைத்தேனில் கிருமி இருக்காது. கடைத் தேனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

இரட்டைக்குழந்தை அம்மா:
ஐயா, தேனின் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மண்ணிலும் தூசியிலும் இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் எந்தத் தேனிலும் வந்து சேரலாம், காட்டுத் தேனானாலும் கம்பெனித் தேனானாலும். பெரியவர்களின் குடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைச் சுரக்கும். குழந்தை துவண்டுவிடும், பால் உறிஞ்ச முடியாது, மூச்சுத் திணறும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. அரிதாகத்தான் நடக்கும். உங்கள் வீட்டில் பதினொரு பேருக்கு நடக்காதது என் வீட்டில் பன்னிரண்டாவது குழந்தைக்கு நடக்காது என்று யார் எழுதிக் கொடுப்பது?

கரிசல்மண்:
சரி அம்மா. குழந்தைக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கடைத் தேனைப் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அயனாவரம் ஓய்வூதியர்:
எனக்குச் சர்க்கரை நோய். காட்டுத் தேன் ஒன்றும் செய்யாது என்று நண்பர் சொன்னதால் தினமும் காலையில் இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாற்றில் கலந்து குடித்தேன். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அது போகட்டும், பவானிக்கரைக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், மிச்சம் பெரும்பாலும் நீர். அந்த நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். உங்கள் அலமாரியில் நடந்தது அதுதான். மலைத்தேனீ திறந்த வெளியில், பாறையிலோ உயரக் கிளையிலோ, ஒற்றை அடையாகக் கட்டுகிறது. காற்றின் ஈரம் நேராகப் படும். தேனீக்கள் இன்னும் மெழுகால் மூடாத அறைகளையும் சேர்த்து எடுத்தால் தேன் இன்னும் நீர்த்திருக்கும். இனி வாங்கினால் இறுக்கமாக அடைக்காதீர்கள், விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தகர மூடி வேண்டாம். நீர்த்த தேன் என்று தெரிந்தால் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். நன்றாகக் கெட்டியான தேனுக்கு அலமாரியே போதும்.

வீட்டுச் சோதனைகள் எல்லாம் வீண். தண்ணீரில் விட்டால் அடியில் போய் உட்காருமாம். கெட்டிப் பாகு இன்னும் அழகாக உட்காரும், நீர்த்த மலைத்தேன்தான் சட்டென்று கரையும். திரியைத் தேனில் நனைத்துக் கொளுத்துவதும் ஈரத்தை மட்டுமே காட்டும். எறும்பு வராது என்பார்கள். என் வீட்டு எறும்புகளுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியவில்லை. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனித் தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி, மூலக்கூறு அளவில் கலப்படத்தைத் தேடும் என்.எம்.ஆர். சோதனை செய்தது. பத்து தேறவில்லை. அவற்றில் பல இங்குள்ள வழக்கமான சோதனைகளில் தேறியவை. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகை உங்கள் தம்ளர் தண்ணீர் பிடித்துவிடுமா?

பிறகு எப்படித்தான் வாங்குவது என்றால், விற்கிறவரிடம் கேளுங்கள். எந்த மாதம் எடுத்தது? அப்போது காட்டில் என்ன பூத்திருந்தது? பிழிந்ததா, தானாக வடித்ததா? அடையை மொத்தமாகப் பிழிந்தால் தேனீப் புழுவின் சாறும் கலந்து கலங்கலாகிச் சீக்கிரம் புளிக்கும். மேல் மூலையில் இருக்கிற தேன் பகுதியை மட்டும் அறுத்து வடித்தது தெளிவாக இருக்கும். எடுத்தவர் இதற்கெல்லாம் நின்று பதில் சொல்வார், வாங்கி விற்கிறவர் "எல்லாம் ஒரிஜினல் சார்" என்பார். மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்த்து எடுத்தது என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பிவிடுங்கள், அது பெட்டியில் தங்காது. கொட்டாத சின்னத் தேனீயின் கொசுத்தேனை லிட்டர் கணக்கில் விற்கிறவரிடமும் அப்படியே. ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு மில்லி கிடைத்தாலே பெரிது.

தக்கலைக்காரன்:
ஓய்வூதியர் ஐயா, அவர் எப்படி வாங்குவது என்று கேட்கவே இல்லையே! கொட்டிவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறார்.

அயனாவரம் ஓய்வூதியர்:
கேட்காவிட்டால் என்ன, அடுத்தவருக்கு உதவும்.

சீகூர்ப் பள்ளம்:
வேலை நிமித்தமாக ஒருமுறை தேன் எடுப்பவர்களோடு இரவில் பாறைக்குப் போனேன். நிலவில்லாத நாளாகப் பார்த்துத்தான் போவார்கள். மேலே கொடியில் கட்டிய ஏணி, அதைப் பிடித்தபடி ஒருவர். யார் அவர் என்று கேட்டேன். இறங்குகிறவரின் மைத்துனர். "தங்கச்சி தாலி இவர் கையில இருக்குது. விட மாட்டார்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இறங்கியவர் புகையும் பச்சிலைக் கட்டைப் பாறையில் ஒரு தட்டு தட்டினார். பொறிகள் கொத்தாகக் கீழே பள்ளத்துக்குள் விழுந்தன. அதன் பின்னாலேயே இரைச்சல். ஆயிரக்கணக்கான தேனீக்கள் பொறியைத் துரத்திக்கொண்டு இருட்டுக்குள் இறங்கின. அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் ஏதோ பாடிக்கொண்டிருந்தார், தேனீக்களிடம் கேட்டு வாங்குகிற மாதிரி. புழு இருந்த பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு ஏறினார். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ஒரு துண்டு அடையை என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் சந்தையில் ஒரு வியாபாரி அந்தத் தேனை வாங்கும்போது தம்ளரில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கரைந்தது. "கலப்படம்" என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைத்தார். இவர் வீங்கிய முகத்தோடு பேசாமல் நின்றுகொண்டிருந்தார். நானும்தான் நின்றேன்.

வன்னியாள்:
பவானிக்கரை அண்ணா, நீங்கள் சத்தம் போட்டபோது அந்தப் பெரியவர் ஒன்றுமே சொல்லவில்லையா?

பவானிக்கரை:
சொன்னார் தங்கையே. எழுதக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். பணத்தை எண்ணிக்கொண்டே, "இந்தத் தடவை எடுக்கிற சமயத்துல மழை வந்துட்டுது சாமி" என்றார். திருடன் சாக்குச் சொல்கிறான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தேன்.