நான் சாண் ஏறினால் அது முழம் ஏறுது: நிசானோட ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரை நேர்ல பார்த்தவங்க, ஓட்டினவங்க சொல்லுங்க

நிஷி கசாய்காரன்:

2009 கடைசியில வேலைக்காக டோக்கியோ வந்தேன். முதல் குளிர்காலத்துலயே ஆபீஸ் சீனியர் ஒருத்தர் யோகோஹாமாவுக்குக் கூட்டிட்டுப் போனார். ஸ்டேஷன்ல இருந்து நடைபாலம் வழியா நடந்தா நிசான் தலைமையகம், கீழ்த்தளத்துல காட்சிக்கூடம். நுழைவுக்குக் காசு கிடையாது. கார்ல ஏறி உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டாங்க.

ஆர்35ங்கிற மாடல் ஜிடி-ஆர் பக்கத்துல போய் நின்னேன். கதவைத் திறக்கத் தெரியலை. கைப்பிடி உடம்போட உடம்பா ஒட்டிக் கிடக்கு. சீனியர் சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலால ஒரு முனையை அமுக்கினார், மறுமுனை வெளியே வந்துச்சு. உள்ளே நடுவுல இருக்கிற திரையில டர்போ அழுத்தம், எண்ணெய்ச் சூடுன்னு எல்லாம் ஓடும். அதை வடிவமைச்சது கிரான் டூரிஸ்மோ வீடியோ கேம் செஞ்ச நிறுவனம். ஊர்ல பிளேஸ்டேஷன் கடையில மணிக்குப் பத்து ரூபா கொடுத்து கேம்ல ஓட்டினவன் நான். அன்னைக்கு நிஜ சீட்டுல உட்கார்ந்திருந்தேன்.

2007 டிசம்பர்ல விற்பனைக்கு வந்தப்போ 77 லட்சத்து 70 ஆயிரம் யென். ஒரே வருஷத்துல 86 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அன்னைக்கு ராத்திரி ரயில்லயே கணக்குப் போட்டேன். மாசம் 70 ஆயிரம் எடுத்து வச்சா பத்து வருஷத்துல 84 லட்சம். மீதிக்குக் கடன் வாங்கிக்கலாம்.

கார் நிக்கணுமே! தீபாவளியை ஒட்டி வீட்டுல புதுத்துணி எடுக்கிற மாதிரி, நிசான்லயும் பெரும்பாலும் அந்த நேரத்துலதான் புது மாடல் அறிவிப்பு வந்துச்சு. ஆரம்பத்துல 480 குதிரைசக்தி. 2010 நவம்பர்ல 530, அடுத்த நவம்பர்ல 550, 2016ல 570. சக்தி ஏறாத வருஷத்துல சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் மென்பொருள்னு எதையாவது செதுக்கியிருப்பாங்க. வருஷா வருஷம் மெருகேத்தணும்கிறது தலைமைப் பொறியாளர் கசுதோஷி மிசுனோ முதல்லயே போட்ட திட்டம். அவர் 2013ல விலகின பிறகும் மெருகேத்துறது நிக்கலை, விலையும் நிக்கலை.

என் பக்கம் தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன். ஒரு மாசம்கூடத் தவறாம சேர்த்திருந்தாலும் 2019ல 84 லட்சம்தான் கையில இருந்திருக்கும். அந்த வருஷம் ஆரம்ப விலையே 1 கோடியே 6 லட்சம். ஜிடி-ஆர்லயே ரேஸ் ரகமான 600 குதிரைசக்தி நிஸ்மோ 2014ல 1 கோடியே 50 லட்சமா இருந்தது, 2020ல 2 கோடியே 42 லட்சம் ஆச்சு. அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை, வயித்தெரிச்சல் மிச்சம்.

2023ல ஆரம்ப விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம். வங்கிக் கடனுக்குத் துணிஞ்சு ஒரு ஷோரூம் போனேன். குனிஞ்சு வணங்கி டீ கொடுத்து, ஒதுக்கீட்டைவிட ஆள் அதிகம், குலுக்கல்தான்னாங்க. என் சீட்டு விழலை. விழுந்திருந்தா வீட்டுல என்ன சொல்லியிருப்பேன்னும் தெரியலை.

சைதாமாவிலிருந்து:

அண்ணே, நீங்க புதுசுக்கு ஆசைப்பட்டதுதான் தப்பு. நான் 2013ல 2008 மாடலை 48 லட்சத்துக்குப் பழசா வாங்கினேன். அதே மாதிரி வண்டிக்கு இன்னைக்கு நான் கொடுத்ததைவிடக் கூடக் கேக்குறாங்க. ஆனா வச்சிருக்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான். எஞ்சின் 3.8 லிட்டர்ங்கிறதால சாலை வரியே வருஷம் 66,500 யென். வண்டிக்கு 13 வயசு தாண்டினதும் 76,400 ஆக்கிட்டாங்க. டயர், ரெண்டு வருஷத்துக்கு ஒரு சோதனை, பார்க்கிங் வாடகையெல்லாம் தனி.

ஜப்பான்ல மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல போகாதபடி வண்டிக்குக் கட்டுப் போட்டிருக்காங்க. ஆனா ஃபூஜி ஸ்பீட்வே மாதிரி ரேஸ் டிராக் உள்ளே போனா, ஜிபிஎஸ் இடத்தைப் பார்த்து அந்தக் கட்டை அவிழ்த்துவிட வழி இருக்கு. முதல் தடவை அந்தத் திரையை அமுக்குறப்போ எனக்கு விரல் நடுங்குச்சு.

யோகோஹாமா பக்கம் கார் பிரியர்கள் கூடுற டைக்கோகு பார்க்கிங்ல ஒருநாள் ராத்திரி பெரியவர் ஒருத்தர் பக்கத்துல வந்து நிறுத்தினார். முதல் வருஷமே புதுசா வாங்கினவர். ரெண்டு வண்டியும் நின்னபடி எஞ்சின் ஓடிட்டிருந்தப்போ பின்பக்கமிருந்து கியர்பாக்ஸ் சத்தம் பழைய தையல் மிஷின் மாதிரி கடகடங்குது. இதுலயே பழசா புதுசான்னு தெரிஞ்சிடும்னார். வருஷா வருஷம் புது மாடல் வந்தா வருத்தமா இருக்காதான்னு கேட்டேன். "480 எனக்குப் போதும். 550 அறிவிச்ச அன்னைக்கு மட்டும் தூக்கம் வரலை"ன்னார்.

ஒரகடத்திலிருந்து:

ஜி, நான் இங்கே நிசான் ஆலையில மைக்ரா கார் லைன்ல கதவு மாட்டினவன். ஜிடி-ஆர் கதவைத் தொட்டதே இல்லை. 2016 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தது, டெல்லி ஷோரூம் விலை 1 கோடியே 99 லட்சம் ரூபா. ஷிப்ட்ல எல்லாரும் போன்ல அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தோம். ஒரே ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒண்ணு ஓடிச்சு, வேலிக்கு வெளியில நின்னேன். சத்தம் வந்தது, திரும்பினேன், போயிடுச்சு. அங்கே யோகோஹாமாவுல ஒரு எஞ்சினை ஒரே ஆள் முழுசா கோத்து, அவர் பேரையே அதுல பொறிச்சு வச்சாங்களாமே? நாங்க ஒரு ஷிப்ட்ல எத்தனை கதவு மாட்டுவோம்! எதுல பேர் பொறிக்க?

நிஷி கசாய்காரன்:

ஆமா தம்பி, பேர்ப்பலகை எஞ்சின் மேலயே இருக்கும். காட்சிக்கூடத்துல பார்த்திருக்கேன்.

2025 ஆகஸ்ட் 26, டோசாய் லைன் ரயில்ல நின்னுக்கிட்டே செய்தி படிச்சேன். டோச்சிகி ஆலையில கடைசி ஜிடி-ஆர் வெளியே வந்துடுச்சு. மிட்நைட் பர்ப்பிள் நிறம். 18 வருஷத்துல மொத்தம் சுமார் 48,000 வண்டி. அதுக்குள்ள நிஸ்மோ 3 கோடி யென்னையும் தாண்டியிருந்தது. ஒரு பக்கம் துக்கம், இன்னொரு பக்கம் அப்பாடா. இனி புது விலைப்பட்டியல் வராதில்ல.

சைதாமா நண்பரே, சனிக்கிழமை டைக்கோகு போறீங்களா? பின் சீட் இருந்தாலும் போதும்.

சைதாமாவிலிருந்து:

வாங்க அண்ணே. ஆனா பின் சீட்ல உங்க தலை கண்ணாடியில இடிக்கும், முன்னாடியே உட்காருங்க. சனிக்கிழமை ராத்திரி போலீஸ் நுழைவை மூடிடுவாங்க, ஞாயிறு காலையில ஆறு மணிக்குப் போலாம்.