ஜாஸ் ஆனர்ஸ் படித்தவர்களே, ஆய்வுக் கட்டுரை உண்மையில் வாசிப்புக்கு உதவியதா?

ஜாஸ் பெர்ஃபார்மன்ஸில் இளங்கலை முடிக்கப்போகிறேன். கிட்டார். ஆனர்ஸுக்கு, அதாவது இளங்கலைக்கு மேல் ரிசைட்டலும் ஆய்வுக் கட்டுரையும் கேட்கும் படிப்புக்கு, இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ரிசைட்டலுக்கு (தேர்வுக் கச்சேரி) நான் தயார். ஆனால் மேடையில் வாசிக்கப் போகிறவனுக்கு ஆய்வுக் கட்டுரை எதற்கு என்பதுதான் புரியவில்லை. படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

டெனர் சாக்ஸபோன்:

நானும் இதே கடுப்போடுதான் சேர்ந்தேன். நான் எடுத்த தலைப்பு ஸ்விங். ஜாஸில் எய்த் நோட்டுகளை (ஒரு பீட்டுக்கு இரண்டாக வரும் ஸ்வரங்கள்) சமமாக வாசிப்பதில்லை, முதலாவது நீளும், இரண்டாவது சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அதை டிரிப்லெட் கணக்கில், அதாவது பீட்டை மூன்றாகப் பிரித்து, 2:1 என்று சொல்லிக்கொடுத்து முடித்துவிடுவார்கள். பழைய ரெக்கார்டிங்குகளைக் கணினியில் போட்டு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கணக்கு நிற்காது.

ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் 2002-ல் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். மெதுவான பாட்டில் டிரம்மரின் ரைட் சிம்பலில் (தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் பெரிய உலோகத் தட்டு) விகிதம் 3.5:1 வரை போகிறது. வேகம் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் 1:1-ஐத் தொடுகிறது. அதாவது ரொம்ப வேகமான பாட்டில் கிட்டத்தட்ட சமமாகவே அடிக்கிறார்கள்.

அதைவிட என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதே கட்டுரையில் இருந்த இன்னொரு விஷயம். சோலோ வாசிப்பவர் டவுன்பீட்டில் (பீட் விழும் இடம்) டிரம்மரைவிடக் கொஞ்சம் பிந்தி விழுகிறார். ஆனால் ஆஃப்பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில் விழும் ஸ்வரம்) இருவரும் ஒன்றாக விழுகிறார்கள். "பின்னால் சாய்ந்து வாசி" என்று ஆசிரியர்கள் வருஷக்கணக்கில் சொன்னார்களே, எதிலிருந்து பின்னால், எங்கே பிடித்துக்கொண்டு சாய்வது என்று ஒருவரும் சொன்னதில்லை. பிடிமானம் ஆஃப்பீட்டில் இருக்கிறது!

சாக்ஸ்காரர்களுக்கு இது உடனே உறைக்கும். பீபாப் (வேகமான ஒரு ஜாஸ் பாணி) வரிகளில் ஸ்வரத்தைத் தொடங்க ரீடில் நாக்கு படுவது பெரும்பாலும் ஆஃப்பீட்டில்தான், அங்கிருந்து அடுத்த டவுன்பீட்டுக்கு ஸ்லர், அதாவது நாக்கு படாமல் சேர்த்து வாசிப்பது. தாளம் எண்ணும் மெட்ரோனோமின் க்ளிக்கை ஆஃப்பீட்டாக வைத்துக்கொண்டு, நாக்கு படும் இடத்தை மட்டும் அதோடு ஒட்டவைத்து, டவுன்பீட்டை அதன் போக்கில் விட்டுப் பழகினேன். ரிசைட்டல் ஒத்திகையில் எங்கள் டிரம்மர் நிறுத்திவிட்டு, "என்ன பண்ணினே? இப்போதான் என்கூட வாசிக்கிறே" என்றான். இத்தனைக்கும் நான் புதிதாக ஒரு லிக், அதாவது சின்ன மெட்டுத் துண்டுகூடக் கற்றிருக்கவில்லை.

டபுள் பேஸ்:

நான் பேஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் வில் போட்டு வாசித்த சோலோக்களைப் பற்றி எழுதினேன். முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிய டிரான்ஸ்கிரிப்ஷனைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். வழிகாட்டி அந்தத் தாளைத் தொடவே இல்லை. "ரெக்கார்டோடு சேர்த்துப் பாடு" என்றார். சுருதி சரியாக இருந்தது, மூச்செடுக்கும் இடம்தான் எல்லாமே தப்பு. சேம்பர்ஸ் வில்லைத் திருப்பும் இடத்தில் வாக்கியம் முடியவில்லை, நான் அங்கே போய் முடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முதலில் பாடுவது, பிறகு வாசிப்பது, கடைசியில் எழுதுவது என்று வரிசையே மாறிவிட்டது.

வேகத்தைக் குறைக்கும் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை: ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க நல்லவை, டைமிங்கைப் படிக்க ஆகாது. பாதி வேகத்தில் எல்லாமே சோம்பேறித்தனமாகக் கேட்கும்.

டிரம்ஸ்:

மன்னிக்கவும், என் கதை வேறு. என்மீது திணிக்கப்பட்ட தலைப்பு நியூ ஆர்லியன்ஸ் காங்கோ சதுக்கம். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கொட்டி ஆடிய இடம். 1817-ல் அப்படிக் கூடுவதை ஊரில் ஒரே இடத்துக்குள் அடக்க நகர நிர்வாகம் சட்டம் போட்டது. படிக்கப் படிக்க அருமையான வரலாறு, மறுக்கவில்லை. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்த நேரமெல்லாம் பிரஷ் (மெதுவான பாட்டுகளுக்குக் குச்சிக்குப் பதில் பிடிக்கும் கம்பித் தூரிகை) பழகவேண்டிய நேரம். ரிசைட்டலில் மெதுவான பாலட் வந்தபோது அது நன்றாகவே தெரிந்தது. சாக்ஸ்காரருக்கு வாய்த்தது அவர் கையில் இருந்த ஓட்டையைப் பற்றிய தலைப்பு, அதனால் உதவியது. கட்டுரை என்றாலே உதவும் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

குரல்:

டிரம்ஸ்காரர் சொல்வது நியாயம். நான் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே வரிகளைத் தாளத்துக்குப் பின்னால் தள்ளிப் பாடுவதை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அது வரவில்லை. எந்த எழுத்தை நீட்டுகிறார், எதை விழுங்குகிறார், இழந்த நேரத்தை வரிக் கடைசியில் எப்படிப் பிடிக்கிறார் என்று சொல் சொல்லாக எழுதிவைத்தேன். வாய்மொழித் தேர்வில் கேட்ட முதல் கேள்வியே, "இரண்டாவது பாட்டில் அந்த வரியை ஏன் அவ்வளவு தள்ளினீர்கள்?" பதில் என்னிடம் இருந்தது: பியானோ அங்கே கார்டை முன்கூட்டியே போட்டுவிட்டது, நானும் முந்தினால் வரி மூச்சுவிட இடமில்லை. குழுவில் ஒருவர் சிரித்தார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பாடகர்களுக்குத் தனியாக ஒன்று. லீட் ஷீட்டை (மெட்டும் கார்டுகளும் மட்டும் எழுதிய தாள்) உங்கள் குரலுக்கேற்ற கீயில் (சுருதியில்) நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். குழுவுக்கு வேகம் காட்ட எண்ணி கவுண்ட் கொடுக்கும் முன் பாட்டின் நடுப்பகுதி வரிகளை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள், சரியான வேகம் அங்கே கிடைக்கும். முதல் வரியை வைத்து எண்ணினால் பெரும்பாலும் வேகம் கூடிவிடுகிறது.

டெனர் சாக்ஸபோன்:

டிரம்ஸ்காரரோடு எனக்குச் சண்டையில்லை. கிட்டார் தம்பி, சேரும் முன் துறையில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, கட்டுரையோடு நீங்கள் வாசித்த பதிவுகளையும் சமர்ப்பிக்கலாமா, ரிசைட்டலுக்கான ரிதம் செக்ஷனை (டிரம்ஸ், பேஸ் போன்ற பக்கவாத்தியக் குழு) அவர்கள் தருவார்களா, நீங்களே கூட்டவேண்டுமா. கடைசிக் கேள்விக்கு "நீங்களே" என்று பதில் வந்தால் டிரம்மரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ரிசைட்டல் சமயத்தில் நல்ல டிரம்மர் ஒருவரும் சும்மா இருக்கமாட்டார்.