பொமரேனியன்–ஷிட்சு கலப்பு நாய்க்குட்டிக்கு இருமல்: உதவி தேவை

வணக்கம். பெண் குட்டி, 8 மாதம், 4.2 கிலோ. கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி நடக்கும்போது இழுத்தால், வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வருகிறது. சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாவது உண்டு. கழுத்தில் அழுத்தம் விழுந்தால் இருமல் கூடும். அதனால் பட்டையை விட்டு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸுக்கு மாற்றியாயிற்று.

சில சமயம் மூக்கால் காற்றை வெடுக் வெடுக்கென்று உள்ளே இழுத்து, அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அது தலைகீழ்த் தும்மல் மாதிரி தெரிகிறது. இரண்டையும் தனித்தனியாக வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் எக்ஸ்ரே. குழாயின் கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போதும், மார்புக்குள் இருக்கும் பகுதி மூச்சை விடும்போதும்தான் சுருங்கும். ஒரே படம் எடுத்தால் அந்தச் சுருக்கம் கண்ணில் படாமல் போய்விடலாம். மதுரைப் பக்கம் இரண்டு நிலையிலும் எடுத்துத் தருகிற இடம் தெரியுமா?

இன்னொன்று. மேல் கோரைப்பற்களில் பால்பல் விழாமல், புதுப்பல்லை ஒட்டியே நிற்கிறது. இடுக்கில் அழுக்கு சேர்கிறது. கருத்தடை அறுவைக்குக் கொடுக்கும் அதே மயக்கத்தில் பிடுங்கியவர்கள் உண்டா? இருமல் இருக்கும்போது மயக்க மருந்துக்கு முன் என்னென்ன பரிசோதனை செய்தார்கள்?

38 செ.மீ. மார்புக்கு, அக்குளில் முடி சிக்காத ஹார்னஸ் எது என்றும் சொல்லுங்கள்.