டால்பின் மாதிரியில் 11 சதவீத ரீடுகளே மேப் ஆகின்றன: உதவி தேவை

கரையோரி:
வணக்கம். டால்பின் மாதிரி ஒன்றின் முழு மரபணுத்தொகையை வரிசைப்படுத்தினோம். கோப்புகள் நேற்று வந்தன. ரீடுகளின் (கருவி படித்துத் தந்த டிஎன்ஏ வரிசைத் துண்டுகளின்) தர மதிப்பெண் 30-க்கு மேல், அதாவது எழுத்துகள் தெளிவாகப் படிக்கப்பட்டு இருந்தும், ரெஃபரன்ஸுடன் (ஒப்பிட வைத்த மரபணுத்தொகையுடன்) 11 சதவீதமே பொருந்துகிறது. வியாழக்கிழமைக்குள் வழிகாட்டியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். எங்கே தவறினேன்?

நுண்ணோக்கி:
இவ்வளவை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மாதிரி உயிருள்ள விலங்கின் பயாப்சியா, கரை ஒதுங்கிய உடலிலிருந்து எடுத்ததா? எதில் சேமித்தீர்கள்? எந்த ரெஃபரன்ஸ், எந்த மென்பொருள்?

ஆழிமகன்:
கரை ஒதுங்கிய உடல் என்றால் பாக்டீரியாதான் காரணம். இறந்த டால்பினின் கறுப்பு மேல்தோல் விரல் பட்டாலே ஏடு ஏடாக உரிந்துவரும். அடியில் வெள்ளைக் கொழுப்பு தெரியும். அந்த ஏட்டைக் குழாயில் போட்டுத் 'தோல்' என்று எழுதிவிடுகிறோம், ஆனால் அதில் விலங்கின் டிஎன்ஏவைவிட நுண்ணுயிரின் டிஎன்ஏ மிகுந்திருக்கக்கூடும். கொழுப்புக்குக் கீழே உள்ள தசையை எடுத்திருக்க வேண்டும். ரீடுகள் எந்த உயிரினத்தவை என்று பிரித்துக் காட்டும் கிராக்கன் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

வரிசைவேந்தன்:
இதற்கு நான் இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். கேட்கும் முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் புதியவர்களுக்கு வர வேண்டும். குப்பிமூக்கு டால்பினுக்கு முதலில் வெளியான தொகுப்பு (ரீடுகளை இணைத்து உருவாக்கிய மரபணுத்தொகை) சுமார் இரண்டரை மடங்கு ஆழத்தில் மட்டுமே, அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக இரண்டரை முறை மட்டுமே படிக்கப்பட்டு, வரிசைப்படுத்தப்பட்டது. அது துண்டு துண்டாக இருக்கும். அதைத்தான் இறக்கியிருப்பீர்கள். புதியதை எடுத்தால் தீர்ந்துவிடும்.

நுண்ணோக்கி:
தொகுப்பு துண்டாக இருப்பதால் 11 வரை இறங்காது, ஐயா. ரீடு ஒட்டுவதற்கு முழு குரோமோசோம் தேவையில்லை. வேறு இன டால்பினாகவே இருந்தாலும், அந்தக் குடும்பம் அண்மைக் காலத்தில் வேகமாகக் கிளைத்தது என்பதால் பெரும்பகுதி ஒட்டியே தீரும்.

கரையோரி:
மன்னிக்கவும், எழுத விட்டுவிட்டேன். கரை ஒதுங்கிய உடல், தோல், எத்தனாலில் இருந்தது. ரெஃபரன்ஸ் புதிய குப்பிமூக்கு டால்பின் தொகுப்பு. பொருத்தும் மென்பொருள் போடை 2, இயல்பு அமைப்பு. ரீடு நீளம் 150 எழுத்து, இரு முனைகளிலிருந்தும். லைப்ரரி துண்டுகளின் (வரிசைப்படுத்தத் தயாரித்த டிஎன்ஏ துண்டுகளின்) நீளத்தின் உச்சம் 70 எழுத்து அருகே என்று ஆய்வகம் எழுதியிருந்தது. துண்டுகளின் முனையில் ஒட்டப்படும் செயற்கை டிஎன்ஏவான அடாப்டரை நீக்கவில்லை.

சிறுஅலை:
கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் விடை இருக்கிறது. 70 எழுத்துத் துண்டை 150 வரை படித்தால், முதல் 70 மட்டுமே டால்பின். அதற்குப் பின் வருவது அடாப்டர். போடை 2 இயல்பாக ரீடை முனைக்கு முனை பொருத்தப் பார்க்கும்; வாலில் அடாப்டர் தொங்கினால் நல்ல ரீடையும் தள்ளிவிடும். தர மதிப்பெண் இதைக் காட்டாது, ஏனெனில் அடாப்டரும் தெளிவாகவே படிக்கப்படுகிறது. ஃபாஸ்ட்பி மென்பொருள் கொண்டு வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஆழிமகன் சொல்வதும் பொய்யில்லை. வெட்டிய பின்னும் ஒட்டாமல் நிற்பவற்றில் பாக்டீரியா இருக்கும்.

ஆழிமகன்:
இனத்தை அறிவதுதான் நோக்கம் என்றால் இத்தனை பாடு எதற்கு? ஒரு செல்லுக்குள் பல படிகள் இருப்பதால் அழுகிய மாதிரியிலும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ மிஞ்சும். ஏறத்தாழ 16,400 எழுத்துகள், அதுவே போதும்.

நுண்ணோக்கி:
போதாது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவை மட்டும் வைத்து 1999-இல் வரைந்த உறவு மரத்தில், இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு டால்பின் தன் பேரினத்துச் சாதாரணக் குப்பிமூக்கைவிட ஸ்டெனெல்லா, டெல்ஃபினஸ் என்ற வேறு பேரினங்களின் டால்பின்களுக்கு அருகே போய் நின்றது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே சொல்லும். நீலத் திமிங்கலமும் துடுப்புத் திமிங்கலமும் கலந்து பிறந்த கன்றில் அது தாயின் இனத்தையே காட்டும். தந்தை யாரென்று உட்கரு டிஎன்ஏதான் சொல்ல வேண்டும்.

ஆழிமகன்:
கலப்பினம் அரிது. அழுகிய உடலோ அன்றாடம் கைக்கு வருவது. நான் அன்றாடத்துக்கு வழி சொல்கிறேன்.

வரிசைவேந்தன்:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். ரெஃபரன்ஸ் பற்றி நான் சொன்னது இந்த மாதிரிக்குப் பொருந்தவில்லை.

கரையோரி:
அடாப்டரை வெட்டியதும் 38 சதவீதம் ஆனது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கிராக்கன் பாக்டீரியா என்கிறது. மைட்டோகாண்ட்ரியா முழுதாகக் கிடைத்துவிட்டது. அதே உடலின் பல் ஒன்று பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்து அதைத் துளைத்து டிஎன்ஏ எடுத்துப் பார்க்கப் போகிறோம். அனைவருக்கும் நன்றி.